மூன்றாவது கோட்

ஜனவரி 4, சனி

இந்த வருஷம் கம்பெனி கொடுத்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இன்று கண்ட குறை’ என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். எங்களுடையது மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனி. பெயின்ட் செக்‌ஷனுக்கு நான் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தால் எனக்கு எப்படிப் போதும்?

இன்றைய குறை வாசலிலேயே கிடைத்தது. டிசைன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் தன் காரில் எனக்கு முன்னால் உள்ளே போனார். பின்விளக்கு இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. வாட்ச்மேன் மாரப்பன் விழுந்தடித்து எழுந்து சல்யூட் வைத்தார். அடுத்து நான் போனேன். ஒன்பது வருஷத்து வெள்ளைக் கார். மாரப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினார். அது எனக்கா, அவர் போனில் ஓடிய பாட்டுக்கா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். “அந்த வண்டியப் பாத்தா மந்திரி வண்டியாட்ட இருக்குதுங்க சார்” என்றார். என் வண்டி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் கறி எடுத்து வந்தேன். குழாயில் வாஷர் மாற்றினேன். பிறகு மூன்று மணி நேரம் போனில் வீடியோ பார்த்தேன். பின்விளக்கைக் கறுப்பாக்குவது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். விளக்கின் மேல்மூடியை உப்புத்தாளில் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதை ஏதோ மகா வித்தை மாதிரிச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு டப்பாவை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மாதம் நாலாயிரம் பம்புக்குப் பெயின்ட் அடித்து அனுப்புகிறவன் இவனிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

சாந்தாமணியிடம் சொன்னேன். “செவப்பா தெரியறதுக்குத்தானுங்க அந்த லைட்டே வெச்சிருக்கறாங்க?” என்றாள். அழகு என்ற ஒன்று இருப்பதே தெரியாத குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், பூப்பொங்கல் அன்று எல்லோரும் பூண்டி கோயிலுக்குப் போவதாக மாமனார் போன் செய்தார். “நம்ம வெள்ளிங்கிரி ஓட்டட்டும். காரை மட்டும் நீங்க கொண்டாந்துருங்க” என்றார்.

வெள்ளிங்கிரி என் சகலை. சாந்தாமணியின் அக்கா லோகாம்பாளைக் கட்டியவர். காலேஜ் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவர். இதை நான் சொல்லவில்லை. மாமனார் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இலை போடுவதற்கு முன் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். நல்ல மனிதர்தான், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் கார் என்னுடையது, சாவி அவரிடம், நான் பின்சீட்டில் தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்று எத்தனை வருஷம் போவது?

இந்தத் தடவை நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். மாமனார் போனைப் பொத்திக்கொண்டு மாமியாரிடம் ஏதோ சொன்னார். பிறகு, “அப்ப மெதுவாப் போலாங்க மாப்பிள்ளை” என்றார்.

ஜனவரி 11, சனி

ஸ்ப்ரே டப்பா வந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். கார் ஷெட்டில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமுக்கினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பேப்பரும் டேப்பும் கொண்டு சுற்றிலும் மூடினேன். சாந்தாமணி எட்டிப்பார்த்து, “காருக்கு ஆபரேஷனுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டப்பாவில் ‘மெல்லிய ஒரு பூச்சு போதும்’ என்று போட்டிருக்கிறது. எழுதியவர் பெயின்ட் செக்‌ஷனைக் கண்ணால் பார்க்காதவராக இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் மூன்று கோட் இல்லாமல் ஒரு பம்ப் வாசல் தாண்டாது. கிணற்றுக்குள் இறங்கப்போகிற பம்புக்கே மூன்று கோட் என்றால் நாலு பேர் பார்க்கிற காருக்கு ஒன்று போதுமா? முதல் கோட்டில் சிவப்பு மங்கியது. இரண்டாவதில் பழுத்த நாவற்பழ நிறம் வந்தது. மூன்றாவது கோட் அடித்து நிமிர்ந்தபோது, என் கையை நானே குலுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

போகி. காய்ந்துவிட்டது. ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாந்தாமணியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இருட்டில் கங்கு மாதிரி எரிந்தது. அவ்வளவு அழகாக அந்த விளக்கு கார் கம்பெனியிலிருந்து வந்தபோதுகூட எரிந்ததில்லை.

“வெளிய கொண்டுபோயும் பாருங்க” என்றாள். வெளியே வெயில். பெயின்ட் புதிது, தூசி ஒட்டும். பார்க்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பூண்டி போய் வந்தோம். நல்ல தரிசனம். திரும்பும் வழியில் ஒரு சின்ன சம்பவம். அசதியாக இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

காரில் நான், சாந்தாமணி, மாமனார், மாமியார். சகலையும் லோகாம்பாள் அக்காவும் பைக்கில். கிளம்பும்போதே சகலை என் கார் பின்னால் குனிந்து பார்த்து, “என்னங்க சகலை, கறுப்படிச்சிருக்கறீங்க? எரியறது தெரியுங்களா?” என்று கேட்டார். “நல்லாத் தெரியுமுங்க, டெஸ்ட் பண்ணியாச்சு” என்றேன். “பெயின்ட்டு வேலைல உங்களுக்கு நான் சொல்றதுக்கு என்ன இருக்குது” என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். இது என் திறமைக்கு அவர் கொடுத்த மரியாதை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

திரும்பும்போது சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். மாதம்பட்டி தாண்டி வந்துகொண்டிருந்தோம். கிழக்கே பார்த்த ரோடு, வெயில் முதுகுக்குப் பின்னால். தோப்பிலிருந்து ஒரு மயில் ரோட்டுக்கு வந்து, நடுவில் நின்று, யோசித்தது. நான் பிரேக் அடித்தேன். நல்ல பிரேக், நல்ல இடத்தில் நின்றது. மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாலிருந்து டமாரென்று சத்தம். சகலையின் பைக் பம்பரில் வந்து இடித்துச் சாய்ந்துவிட்டது.

அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. லோகாம்பாள் அக்கா கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். காருக்கு பம்பரில் ஒரு குழி. விளக்குகளுக்கு ஒன்றுமில்லை. மூன்று கோட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“மாப்பிள்ளை நல்ல நேரத்துல பிரேக் புடிச்சாரு” என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் சகலை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “சகலை, நீங்க பிரேக் புடிச்சப்ப லைட்டு எரிஞ்சுதுங்களா?” என்று கேட்டார்.

“எரிஞ்சுதுங்க” என்றேன்.

பொய்யில்லை. பல்பு எரியத்தான் செய்தது. அவர் கேட்டதற்கு உண்டான பதிலைச் சொன்னேன்.

ஜனவரி 18, சனி

சகலை நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். விளக்கை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். ஷெட்டுக்கு அழைத்துப்போய் ஷட்டரை இறக்கினேன். தெரு நாய் உள்ளே வந்துவிடும் என்பதற்காகத்தான் இறக்கினேன். பிரேக்கை மிதித்தேன். ஷெட்டே சிவந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் எரியுது. எனக்குத்தான் தெரியாமப் போச்சு” என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாந்தாமணி சமையலறை ஜன்னலிலிருந்து இறக்கிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கம்பெனியில் எந்தப் பழுது வந்தாலும் ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது ஏனில் வேர் கையில் வந்துவிடும். சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறோம். அதே முறையில் விஞ்ஞானபூர்வமாக யோசித்தேன்.

ஏன் இடித்தது? சகலை பிரேக் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? கார் நின்றது அவருக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? விளக்கை அவர் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? ஐம்பத்து நாலு வயது.

நாலிலேயே விடை வந்துவிட்டது. ஐந்தாவது தேவைப்படவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்று காலேஜ் திறந்தது. சகலை நேராக டிரான்ஸ்போர்ட் ஆபீசருடைய அறைக்குப் போய், நடந்ததைத் தானே சொல்லியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேஸ் இல்லை. பைக் அவருடைய சொந்த பைக், நடந்தது லீவு நாளில். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸை எடுத்திருந்தால் யாருக்கு என்ன தெரியும்? “எனக்குப் பொறத்தால அம்பத்திரண்டு பிள்ளைக ஒக்காந்திருக்குது. முன்னால நின்ன காரே எனக்குத் தெரியலீங்க” என்று சொன்னாராம்.

கண் டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கேட்டில் நின்று, உள்ளே வருகிற பஸ்களின் நம்பரை நோட்டில் எழுதுகிறார். அவர் ஓட்டிய பதினொன்றாம் நம்பர் பஸ்ஸையும் அவரே எழுதிக்கொள்கிறார்.

சிலருக்கு நேர்மை ஒரு வியாதி. இதை எழுதும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மார்க்கெட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை நாலு கட்டு வாங்கிச் சகலை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணுக்கு நல்லது.

ஜனவரி 22, புதன்

பொன்னாங்கண்ணி நாலு கட்டு. கேரட் ஒரு கிலோ. ஒரு கையில் மாவுக்கட்டோடு லோகாம்பாள் அக்காவால் கீரை ஆய முடியவில்லை, சகலையே உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு இலையையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, பிறகு தூரத்தில் நீட்டிப் பார்த்தார். “எதுக்குங்க சகலை இத்தன சிரமம், நீங்க தங்கமான மனுசன்” என்றார்.

நான் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். அவரைவிட எனக்கு ஆறு வயதுதான் குறைவு என்பதை அந்த நேரத்தில் இருவரும் பெரிதுபடுத்தவில்லை.

ஜனவரி 23, வியாழன்

சாந்தாமணி வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறாள். பொங்கலுக்குப் பிறகு அவள் காரில் ஏறவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். கேட்டதற்கு, “பின்னால வர்றவன் கண்ணு எப்படியிருக்கும்னு யாருக்குங்க தெரியும்?” என்றாள்.

ஜனவரி 24, வெள்ளி

மதிய ஷிப்டுக்காக இரண்டு மணிக்கு கம்பெனிக்குள் நுழைந்தேன். கேட்டில் பிரேக் பிடித்து நிறுத்தினேன். மாரப்பன் எழுந்து வந்தார். ஆகா, சல்யூட் என்று நினைத்தேன். அவர் பின்பக்கமாகச் சுற்றிப்போய்விட்டு ஜன்னலில் குனிந்தார். “சார், உங்க பிரேக் லைட்டு ரெண்டும் எரியலீங்க. பியூஸு போயிருக்கும், பாத்துருங்க” என்றார்.

மாரப்பனுக்கும் வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கோயம்புத்தூரில் இத்தனை பேருக்குக் கண் கெட்டுப்போயிருப்பது கவலைக்குரிய விஷயம்.

ஜனவரி 25, சனி

சகலையைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். அவர் பஸ்ஸில் போகலாம் என்றார். நான் விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் விளக்கடித்து, எழுத்துப் பலகையைக் காட்டி, மூன்று மணி நேரம் சோதித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதப்போவதில்லை.

டாக்டர் அம்மா சின்ன வயசு. சிரித்துக்கொண்டே, “உங்க வயசுல இப்படி ஒரு கண்ணு நான் பாத்ததில்லைங்க. கடைசி வரி வரைக்கும் படிக்கறீங்க. தாராளமா பஸ் ஓட்டலாம்” என்று சர்டிபிகேட்டைக் கொடுத்தார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்தது, திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிவிடுவார், எல்லாம் மறந்துபோகும். வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் இளநீரைக் கையிலேயே வைத்திருந்தார். உறிஞ்சுகுழலை வாயில் வைக்கவே இல்லை.

“கண்ணுல கோளாறுன்னா கண்ணாடி போட்டுக்கலாமுங்க சகலை” என்றார். “கண்ணு நல்லாயிருந்தும் எதுத்தாப்ல எரிஞ்ச லைட்டு தெரியலைன்னா, அப்ப எனக்குப் புத்திதானுங்க கெட்டுப்போச்சு? அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில சர்டிபிகேட் வாங்கறது?”

ஜனவரி 26, ஞாயிறு

தலைவலி. ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சர்டிபிகேட்டைக் கொடுத்தும் சகலை பஸ்ஸை எடுக்கவில்லை. ஆபீசரே சாவியை நீட்டியும், இவர் கையை நீட்டவில்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுக்கப்போகிறாராம். லோகாம்பாள் அக்கா போனில் அழுதார். “வீட்டு வாசல்ல நின்னுட்டு, வர்ற போற வண்டி நம்பரெல்லாம் சத்தமாப் படிக்கறாருடி. சரியாப் படிச்சுட்டு, உள்ள வந்து, சரியாத்தான் படிக்கறேன்னு அழுகறாரு” என்றார். சாந்தாமணி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வழக்கமாக அவள் ஸ்பீக்கரில் போடுவதில்லை.

ஜனவரி 30, வியாழன்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். முரட்டு உப்புத்தாள் இரண்டு, தின்னர் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பழையபடி சிவப்பாக்கிவிட்டால் இனி யாருக்கும் எதுவும் ஆகாது, எல்லோருக்கும் நல்லது என்பதுதான் என் எண்ணம். துணியில் தின்னரை நனைத்தபோது சாந்தாமணி வந்து நின்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் என்னிடம் சத்தம் போட்டதில்லை. இன்றும் போடவில்லை.

“அதச் சொரண்டிட்டீங்கன்னா அப்புறம் நீங்களே சொன்னாலும் வெள்ளிங்கிரி மாமா நம்பமாட்டாருங்க. அவருக்கு ஆறுதலுக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சுக்குவாரு. சாகற வரைக்கும் அவரு புத்திய அவரே திட்டிட்டுக் கெடப்பாரு” என்றாள்.

“என்னத்தச் சொல்றது?” என்று கேட்டேன்.

“பொங்கலுக்கு மொத நாள் உங்ககிட்ட வெளிய கொண்டுபோய்ப் பாருங்கன்னு சொன்னேனுங்க. நீங்க பாக்கல. மக்காநாளு, பொங்கலன்னைக்கு, நீங்க வண்டிய எடுத்தப்ப நான் வாசல்ல நின்னு பாத்தேன், லைட்டே தெரியல. பாத்துட்டு, பண்டிக நாளும் அதுவுமா எதுக்குன்னு சும்மா இருந்துட்டேன். எங்கக்கா கையில இருக்கற கட்டுல பாதி நான் போட்டதுங்க.” அவள் கண் கலங்கிவிட்டது. “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். நீங்க போகலைன்னா நான் போய்ச் சொல்லுவேன். நான் சொன்னா நல்லாயிருக்காது.”

துணி காய்ந்துபோகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது ஏன் எனக்குப் பெயின்ட் அடித்த அன்றே தெரியும். டப்பாவில் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்ததை ஒரு டப்பா எனக்குச் சொல்வதா என்று மூன்று கோட் அடித்தேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது வாயில் வந்த பதிலை முழுங்கினேன். ஏனென்றால் இருபது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் என் பிரேக்கைப் பற்றி நல்லதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண் ஆஸ்பத்திரி பெஞ்சில், சகலைக்குச் சின்னதாக ஏதாவது ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் என்மேல் தப்பு குறைவாகவே வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாயங்காலம் நாலேகாலுக்குச் சகலையின் தெருவுக்குப் போனேன். சாந்தாமணி டவுன் பஸ்ஸில் எனக்கு முன்பே வந்து, அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காரின் பின்பக்கம் மேற்கே பார்க்கும்படி நிறுத்தினேன். வெயில் நேராக விளக்கின்மேல் அடித்தது. மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு எதுவும் வரவில்லை. “சகலை, சித்தெ வண்டிக்குப் பின்னால வந்து நில்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

“ம், மிதிங்க” என்றார்.

நான் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

“மிதிங்க சகலை.”

“மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்.”

அவர் கிட்டே வந்தார். குனிந்து, இரண்டு கையையும் விளக்குக்கு மேல் குடையாகப் பிடித்து உள்ளே பார்த்தார். பின்னால் நடந்து நடந்து பத்தடி போனார். மறுபடி வந்தார், மறுபடி போனார். நாலு தடவை. பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

“அன்னைக்கும் இதே லைட்டுங்களா?”

“இதே லைட்டுங்க. மூணு கோட் அடிச்சிருக்கறேன். ஒண்ணுதான் அடிச்சிருக்கோணும்.”

“நான் கேட்டப்ப எரிஞ்சுதுன்னீங்க.”

“எரிஞ்சுதுங்க. வெயில்ல தெரியாதுன்னு சொல்லல. ஷெட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஷட்டரயும் இறக்குனேன். தெரிஞ்சேதான் இறக்குனேனுங்க சகலை.”

கதவைத் திறந்து நாலு அறை விடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி, “லோகாம்பா! லோகாம்பா! இங்க ஓடியா!” என்று கத்தினார். மாவுக்கட்டோடு அக்கா ஓடி வந்ததும் தோளைப் பிடித்துக் காருக்குப் பின்னால் நிறுத்தி, “பாரு. எரியுதா?” என்றார்.

“என்னத்துங்க?”

“பிரேக்கு லைட்டு. சகலை மிதிச்சுட்டு இருக்கறாரு. எரியுதா?”

“இல்லீங்களே.”

“எரியலயா?”

“எரியலீங்க.”

அவர் சிரித்தார். அப்படியே அழுதார். சாந்தாமணியைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் பார்த்து, “எரியல மாமா” என்றாள். எதிரில் இஸ்திரி போடுகிறவரைக் கூப்பிட்டார். மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு வந்தார். மொபெட்டில் போன ஒரு டீச்சரை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொருவரும் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “எரியலீங்க”, “எரியலீங்க” என்றார்கள். கண்புரைக்கு ஆபரேஷன் செய்யவேண்டிய ஒரு பெரியவரும் வரிசையில் வந்து, “எனக்கும் எரியலைப்பா” என்றார். “உங்களுது கணக்குல வேண்டாமுங்க” என்று சகலை அவரைக் கைப்பிடித்து ஓரமாக உட்காரவைத்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

புதிதாக யார் வந்தாலும், “சகலை, மிதிங்க” என்று குரல் வரும். நான் காலை எடுத்தால்தானே மறுபடி மிதிப்பதற்கு? எடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம். தொடை வெடவெடவென்று ஆடியது. என்ன விஷயம் என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் சொல்வார், கேட்டவர் குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். நான் வெட்கத்தில் ஸ்டீயரிங்கையே பார்ப்பேன். அதே நேரத்தில் கண்ணாடியில் சகலையின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்துக் கர்வம் எல்லாம் அந்த முகத்துக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். லோகாம்பாள் அக்கா படியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு வண்டிய காலேஜுக்குக் கொண்டாங்க” என்றார்.

“வர்றேனுங்க சகலை. ஆபீசர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்.”

“சொல்லவெல்லாம் வேண்டாமுங்க. அங்க முப்பத்தாறு டிரைவர் இருக்கறாங்க. ஒவ்வொருத்தரும் பொறத்தால நின்னு பாக்கோணும். நீங்க மிதிச்சாப் போதும்.”

வீட்டுக்குள் போக நாலடி வைத்தவர் திரும்பி வந்தார்.

“காத்தால வெயில் கெழக்க இருந்து அடிக்கும். வண்டிய அதுக்குத் தக்கன திருப்பி நிறுத்துங்க.”